செவ்வாய் நேர்த்தியும் புதன் பின்னேரமும்

செவ்வாய்க்கிழமை என்றால் கொச்சிக்கடை அந்தோனியார் கோவில் வாசலில் கால் வைக்க இடமிருக்காது. கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், புறக்கோட்டை ஆட்களோடு வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறி வந்தவர்களும் நிற்பார்கள். நெற்றியில் திருநீறு பூசியவர்கள் உண்டு. வெள்ளைச் சேலை உடுத்த சிங்கள அம்மாமார் உண்டு. மெழுகுதிரி கொளுத்தும் இடத்தில், எரிந்து முடிந்த திரிகளின் மெழுகு ஒன்றன்மேல் ஒன்றாக வழிந்து உறைந்து கிடக்கும். சொரூபத்தின் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி, உதடு மட்டும் அசைய நிற்பவர்களின் வேண்டுதல்கள் பலவிதம். விசா கிடைக்க வேண்டும், பிள்ளை பாஸாக வேண்டும், ஒப்பரேஷன் நல்லபடி முடிய வேண்டும். அவற்றுக்கு நடுவே எந்தச் செவ்வாய்க்கிழமையும் தவறாமல் வரும் வேண்டுதல் ஒன்றும் உண்டு: இவர் குடியை விட வேண்டும், மகன் தூளை விட வேண்டும்.

நேர்த்தி வைப்பவர் பெரும்பாலும் குடிப்பவராக இருப்பதில்லை. தாய், மனைவி, சில வேளை பாடசாலை உடுப்போடு வரும் மகள்தான் அவருக்காக நேர்கிறார். குடிப்பவர் தானே வந்து நேர்ந்தாலும் அதற்கு ஒரு தவணை இருக்கும்: திருநாள் வரைக்கும், தவக்காலம் முடியும் வரைக்கும், ஒரு வருசத்துக்கு. தவக்காலம் முழுவதும் ஒரு சொட்டும் தொடாமல் இருந்து, உயிர்த்த ஞாயிறு மத்தியானம் போத்தலைத் திறக்கிற ஓர் அப்பாவையோ மாமாவையோ அறியாத கத்தோலிக்கக் குடும்பம் கொழும்பில் குறைவு. "நாற்பது நாள் இருந்திட்டார்தானே, மனுசனுக்கு மனம் வைச்சா ஏலும்" என்று வீட்டார் சொல்வார்கள். நாற்பது நாள் முடிந்தவருக்கு நாற்பத்தோராம் நாள் ஏன் முடியாமல் போகிறது என்பதுதான் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

செவ்வாயன்று வைத்த நேர்த்தி பொய்யானதல்ல. வைக்கும்போது மனம் உருகித்தான் வைக்கிறார்கள். ஆனால் புதன்கிழமை பின்னேரம் வேலை முடிந்து, சம்பளம் சட்டைப் பையில் இருக்க, அதே சந்தியால், அதே தவறணை வாசலால், அதே கூட்டாளிகளோடு நடந்து வர வேண்டியிருக்கிறது. அந்தப் பின்னேரத்துக்கு என்ன செய்வது என்பதைப் பற்றிக் கிறிஸ்தவ மரபிடம் நிறைய அனுபவம் இருக்கிறது. நம் பங்குகளில் அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

முதலில் டப்ளின் நகரத்துக் கூலித் தொழிலாளி ஒருவரின் கதை. மத்தேயு டால்பட் 1856இல் அயர்லாந்தில் பிறந்தவர். பன்னிரண்டு பிள்ளைகளில் இரண்டாவது. பன்னிரண்டு வயதில் மதுவைப் போத்தலில் அடைக்கும் களஞ்சியத்தில் வேலைக்குப் போனார். அந்த வயதிலேயே குடிக்கத் தொடங்கினார். பிறகு துறைமுகத்தில் விஸ்கி பீப்பாய்கள் அடுக்கியிருந்த இடத்தில் வேலை. சம்பளம் முழுவதும் குடிக்கே போனது. தெருவில் பிடில் வாசித்துப் பிழைத்த ஒருவரின் பிடிலைத் திருடி விற்றுக் குடித்த நாளும் உண்டு. புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களில் மூட்டை தூக்கும் நாட்டாமிமாரையும் துறைமுகத் தொழிலாளரையும் தெரிந்த கொட்டாஞ்சேனைக்காரருக்கு இந்த வாழ்க்கையை விளக்கத் தேவையில்லை.

1884இல் ஒரு சனிக்கிழமை. டால்பட் சில நாள் வேலைக்குப் போகாததால் கையில் காசில்லை. சம்பளம் வாங்கி வரும் கூட்டாளிகள் கூப்பிடுவார்கள் என்று குடிக்கடை வாசலில் நின்றார். அவர்களுக்கு எத்தனையோ தடவை வாங்கிக் கொடுத்தவர் அவர். ஒருவரும் கூப்பிடவில்லை. அவர் வீட்டுக்குப் போய், குடியை விடப்போவதாகத் தாயிடம் சொன்னார். காப்பாற்றுகிற எண்ணம் இல்லாவிட்டால் சத்தியம் செய்யாதே என்றார் தாய். அன்றே ஒரு குருவிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்து, மூன்று மாதத்துக்குக் குடிப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தார். மூன்று மாதம்தான். நம்மவர் வைக்கும் தவணை நேர்த்தியும் இதுவும் ஒன்றே.

அதன்பின் அவர் என்ன செய்தார் என்பதில்தான் விசயம் இருக்கிறது. வேலை முடிந்ததும் குடிக்கடைகளைத் தவிர்த்துக் கோவில்களை நோக்கி நடந்தார். ஒரு நாள் ஆசை தாங்காமல் ஒரு குடிக்கடைக்குள் போய்விட்டார். பரிமாறுபவர் கவனிக்காததால் வெளியே வந்தார். அன்றிலிருந்து கையில் காசு கொண்டுபோவதையே நிறுத்தினார். அதிகாலையில் பூசை. மூன்று மாதம் முடிந்ததும் ஆறு மாதம்; அதன்பின் ஆயுளுக்கும். பிடில்காரரைத் தேடித் தேடிப் பார்த்தும் கிடைக்காததால் அவருக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கச் சொன்னார். 1925 யூன் 7ஆம் திகதி பூசைக்குப் போகும் வழியில் ஒரு சந்தில் விழுந்து இறக்கும் வரை, 41 ஆண்டுகள் அவர் குடிக்கவில்லை. 1975இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தார். அவருடைய வெற்றியை மன உறுதி என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது. காசு, வழி, நேரம், கூட்டாளிகள் என்று தன் பின்னேரத்தின் ஒவ்வொரு பகுதியையும் அவர் மாற்றி அமைத்தார்.

இரண்டாவது கதை இதற்கு நேர் எதிரானது. கத்தோலிக்கரிலேயே பலர் கேள்விப்படாதது. சீனாவின் ஹெபெய் மாகாணத்தில் மாற்கு ஜி தியான்சியாங் என்ற வைத்தியர் இருந்தார். ஏழைகளுக்கு இலவசமாக மருந்து கொடுத்தவர். வயிற்று வலிக்கு அபின் எடுத்தார். அபின் அவரைப் பிடித்துக்கொண்டது. விட முயன்றார், முடியவில்லை. திரும்பத் திரும்ப அதே பாவத்தைச் சொல்லிக்கொண்டு வந்தவரிடம், திருந்தும் எண்ணம் இல்லை என்று கருதிய குரு, அபினை விடும் வரை பாவமன்னிப்பும் நற்கருணையும் இல்லை என்று சொல்லிவிட்டார். முப்பது ஆண்டுகள் மாற்கு ஜி நற்கருணை இல்லாமலே கோவிலுக்கு வந்தார். மற்றவர்கள் எழுந்து போய் நற்கருணை வாங்க, அவர் இருந்த இடத்திலேயே இருந்தார். அடுத்த கிழமையும் வந்தார். 1900இல் பொக்சர் கிளர்ச்சியின்போது கிறிஸ்தவர்கள் வேட்டையாடப்பட்டனர். யூலை 7ஆம் திகதி அவரையும் பிள்ளைகள், பேரப்பிள்ளைகளையும் கொல்லக் கொண்டுபோனார்கள். தன் வீட்டார் ஒருவரும் தனியாகச் சாகக்கூடாது, தன்னைக் கடைசியாகக் கொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

அவர் அபினை விட்டதாக எந்தக் குறிப்பும் இல்லை. 2000 ஒக்ரோபர் 1ஆம் திகதி திருத்தந்தை இரண்டாம் ஜோன் போல், சீனாவின் மறைசாட்சிகள் 120 பேரில் ஒருவராக அவரைப் புனிதர் என்று அறிவித்தார்.

நற்கருணை மறுத்த அந்தக் குரு கொடியவர் அல்ல. அவர் காலத்தில் போதை அடிமைத்தனத்தை நோயாகப் பார்க்கும் அறிவு பரவலாக இல்லை. இன்று திருச்சபையின் பார்வை வேறு. 1992இல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூல், போதைப்பொருள் பாவனையைக் கடுமையான குற்றம் என்று 2291ஆம் பத்தியில் சொல்கிறது. அதே நூலின் 1735ஆம் பத்தி, பழக்கமும் அச்சமும் மனநிலைக் காரணங்களும் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கவோ இல்லாமல் செய்யவோ கூடும் என்கிறது. உரோமையருக்கு எழுதிய மடலின் 7ஆம் அதிகாரத்தில், செய்ய விரும்புவது ஒன்று, கை செய்வது வேறொன்று என்று பவுல் தன்னைப் பற்றியே புலம்புகிறார். பவுல் போதைக்கு அடிமைப்பட்டவர் அல்ல. ஆனாலும் அந்த அதிகாரத்தைத் தன் கதையாக வாசிக்காத குடிநோயாளர் எவரும் இருக்க மாட்டார்.

பாவமா, நோயா என்று இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்லி நம் ஊரில் வாதம் நடக்கும். பாவம் என்று மட்டும் சொன்னால் ஆள் வெட்கத்தில் ஒளிவார்; ஒளிந்த இடத்தில் இன்னும் குடிப்பார். நோய் என்று மட்டும் சொன்னால், அடித்த மனைவியிடமும் அடகு வைத்த தாலிக்கொடிக்கும் பதில் சொல்ல வேண்டிய கடமை காணாமல் போகும். கிறிஸ்தவப் பார்வையின் பலம் இரண்டையும் விடாமல் பிடித்திருப்பதில் இருக்கிறது.

இந்த இரண்டையும் ஒரே அறைக்குள் கொண்டுவந்த நிகழ்ச்சி 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரத்தில் நடந்தது. பில் வில்சன் என்ற நியூயோர்க் பங்குச் சந்தைக்காரர், குடியால் அழிந்து, வைத்தியசாலையில் கிடந்து, ஐந்து மாதமாகக் குடிக்காமல் இருந்தவர். தொழில் விசயமாக அக்ரனுக்கு வந்தார், காரியம் தோற்றுவிட்டது. ஹோட்டல் முன்கூடத்தின் ஒரு பக்கத்தில் பார். கிளாஸ் சத்தமும் சிரிப்பும் கேட்கிறது. மறுபக்கத்தில் நகரத்துத் தேவாலயங்களின் பெயரும் ரெலிபோன் இலக்கமும் எழுதிய பட்டியல். வில்சன் பட்டியலிடம் போனார். பேசுவதற்கு இன்னொரு குடிகாரர் வேண்டும் என்று போதகர் ஒருவரிடம் கேட்டார். அந்த அழைப்பின் வழியாக, அடுத்த நாள், மே 12ஆம் திகதி, அன்னையர் தினத்தன்று, டொக்டர் பொப் ஸ்மித் என்ற சத்திரசிகிச்சை வைத்தியரின் முன் இருந்தார். பொப்பும் முழுக் குடிகாரர். பதினைந்து நிமிடம்தான் தருவேன் என்று வந்தவர் ஆறு மணித்தியாலத்துக்கு மேல் பேசிக்கொண்டிருந்தார்.

வில்சன் அவருக்குப் புத்தி சொல்லவில்லை. தான் குடித்த கதையைச் சொன்னார். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவே அவரிடம் வந்திருப்பதாகச் சொன்னார். பொப் கடைசியாகக் குடித்த நாள் என்று கொள்ளப்படும் 1935 யூன் 10ஐ, அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ் என்ற ஏ.ஏ. இயக்கம் தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது.

இருவரும் ஒக்ஸ்போர்ட் குழு என்ற கிறிஸ்தவ இயக்கத்தில் பழகியவர்கள். ஏ.ஏ.யின் பன்னிரண்டு படிகளில் அந்த வேர் தெரியும். தன்னால் ஏலாது என்று ஒப்புக்கொள்வது, கடவுளிடம் கையளிப்பது, தன் குற்றங்களை அஞ்சாமல் எழுதிப் பார்ப்பது, அவற்றை இன்னொரு மனிதரிடம் வாய்விட்டுச் சொல்வது, தீங்கிழைத்தவர்களிடம் போய் ஈடு செய்வது, இன்னொரு குடிநோயாளருக்குத் துணை நிற்பது. ஆன்ம சோதனை, பாவசங்கீர்த்தனம், பரிகாரம் என்று சின்ன வயதில் மறைக்கல்வி வகுப்பில் படித்தவருக்கு இது புதிதல்ல. 1940இல் எட்வர்ட் டௌலிங் என்ற இயேசு சபைக் குரு, இந்தப் படிகளுக்கும் புனித இஞ்ஞாசியாரின் ஆன்மப் பயிற்சிகளுக்கும் உள்ள ஒற்றுமையைக் கண்டு, மழை இரவொன்றில் வில்சனைத் தேடிப் போனார். ஆனாலும் ஏ.ஏ. எந்தச் சபைக்கும் சொந்தமில்லை. அவரவர் விளங்கிக்கொண்ட வகையில் கடவுளை நாடலாம் என்பது அதன் ஏற்பாடு. கோவிலும் விகாரையும் பள்ளிவாசலும் ஒரே தெருவில் இருக்கும் கொழும்புக்கு இது மிகவும் பொருந்தும்.

இது பலிக்குமா என்று கேட்பவருக்கு ஒரு பதில் உண்டு. 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் பற்றிய தரவுகளை, ஒன்றாக வைத்து ஆராய்ந்த கொக்ரேன் மதிப்பீடு 2020இல் வெளியானது. தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில், ஏ.ஏ.க்கு வழிகாட்டும் திட்டமிட்ட சிகிச்சைகள் மற்ற உளவியல் சிகிச்சைகளுக்குச் சமமாகவோ மேலாகவோ பலன் தருகின்றன என்று அது கண்டது.

அக்ரன் கதையில் ஒரு கன்னியாஸ்திரியும் இருக்கிறார். சகோதரி இக்னேசியா, புனித தோமையார் வைத்தியசாலையில் நோயாளிகளைச் சேர்க்கும் மேசையில் இருந்தவர். குடிகாரர்களை வைத்தியசாலைகள் ஏற்காத காலம் அது. 1939இல் டொக்டர் பொப் கொண்டுவந்த ஒருவரை, இரைப்பை அழற்சி என்று பதிந்து உள்ளே எடுத்தார். அதன்பின் ஆயிரக்கணக்கானவர்கள் அந்தக் கதவால் வந்து போனார்கள். வீடு திரும்பும் ஒவ்வொருவருடைய கையிலும் திரு இருதய ஆண்டவர் படம் பதித்த சின்னஞ்சிறு அடையாளம் ஒன்றைக் கொடுப்பார். திரும்பக் குடிப்பதென்றால், முதல் கிளாசைத் தொடுவதற்கு முன் இதைக் கொண்டுவந்து என்னிடம் தா என்பார். சுவாமி அறையில் திரு இருதய ஆண்டவர் படம் மாட்டியிருக்கும் கொட்டாஞ்சேனை வீடுகளுக்கு இதைவிட நெருக்கமான உதாரணம் கிடைக்காது. நேர்த்தியைப் புனிதரிடம் மட்டும் வைக்காமல், கண்ணைப் பார்த்துப் பேச வேண்டிய ஒரு மனிதரிடமும் வைக்கச் செய்தார் அவர்.

இக்னேசியாவின் இடம் ஒரு வைத்தியசாலை என்பதையும் மறக்கக் கூடாது. நெடுங்காலம் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் சித்தப் பிரமை வரலாம், உயிரும் போகலாம். கை நடுங்கி, வேர்த்து, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்து அலறுபவரைப் பேய் பிடித்ததாக நினைத்து, அறைக்குள் பூட்டிச் செபம் செய்பவர்கள் இருக்கிறார்கள். அவருக்கு அந்த நேரம் வேண்டியது வைத்தியர். மனநோய்க்கு மருந்து எடுப்பவரிடம், விசுவாசம் இருந்தால் மாத்திரையை நிறுத்து என்று சொல்லும் எந்தப் பாஸ்டரும் பெரிய தவறு செய்கிறார். 1980களின் தொடக்கத்திலிருந்து கொழும்பைத் தின்கிற ஹெரோயினும், அண்மை ஆண்டுகளில் பாடசாலைப் பிள்ளைகள் வரை வந்துவிட்ட ஐஸ் என்ற போதைப்பொருளும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக உடலைப் பிடிக்கின்றன, சிகிச்சையும் வேறுபடும்.

வெள்ளவத்தைப் பக்கத்தில் இன்னொரு மரபு உண்டு. மெதடிஸ்தருக்கு மது விலக்கு ஏறக்குறைய ஒரு குடும்ப ஒழுக்கம். திருவிருந்தில் திராட்சரசம் குடித்து, திருந்தியவர் மறுபடி விழுந்துவிடக் கூடாது என்று கவலைப்பட்டவர் தோமஸ் வெல்ச் என்ற மெதடிஸ்த பல்வைத்தியர். புளிக்காத திராட்சைச் சாற்றைச் சூடாக்கிப் போத்தலில் அடைக்கும் வழியை 1869இல் அவர் கண்டுபிடித்தார். இன்று பல மெதடிஸ்த ஆலயங்களில் சின்னக் கிண்ணங்களில் பரிமாறப்படுவது அந்தக் கவலையின் பலன். கத்தோலிக்கரிடையே மக்கள் அப்ப வடிவில் மட்டும் நற்கருணை வாங்கினாலே முழுமையானது. ரசத்தைத் தவிர்க்க முடியாத குருவே குடிநோயாளராக இருந்தால், ஆயரின் அனுமதியோடு, நொதித்தல் தொடங்கியவுடன் நிறுத்தப்பட்ட சாற்றைப் பாவிக்கலாம் என்று உரோமை 2003இல் எழுத்தில் அறிவித்தது. குருவும் குடிநோயாளராக இருக்கக்கூடும் என்பதைத் திருச்சபை வெளிப்படையாகப் பேசிய இடம் இது. மும்பையின் அருட்தந்தை ஜோ பெரேரா தானே குடியிலிருந்து மீண்டவர். 1981இல் பாந்த்ராவில் கிருபா அமைப்பைத் தொடங்கி, பன்னிரண்டு படிகளோடு தன் குரு பி.கே.எஸ். ஐயங்காரின் யோகாசனங்களையும் சேர்த்தார். 2009இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கியது.

இலங்கையிலும் இந்த வேலைக்கு ஒரு மரபு உண்டு. 1883 ஜனவரியில் கொழும்பில் இறங்கிய இரட்சணிய சேனை, லண்டன் கிழக்குப் பகுதியின் குடிகாரர்களிடையே பிறந்த சபை. 1912இல் இலங்கையில் எழுந்த மதுவிலக்கு இயக்கத்தைப் பெரும்பாலும் பௌத்தத் தலைவர்கள் நடத்தினார்கள். தவறணைகளுக்கு எதிரான அந்தப் போராட்டமே பிறகு அரசியல் எழுச்சிக்கு வழி விட்டது. போதைக்கு அடிமைப்பட்டவர்களுக்காக 1987இல் மித்துரு மித்துரோ அமைப்பைத் தொடங்கியவரும் ஒரு பிக்குதான். இந்த வேலையில் மதங்களுக்குள் போட்டிக்கு இடமில்லை.

அரசும் தன் பங்குக்கு 1984இல் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையை அமைத்தது. 2007இன் 54ஆம் இலக்கச் சட்டம், போதைக்கு அடிமைப்பட்டவரைக் கட்டாயச் சிகிச்சைக்கு அனுப்ப வழி செய்தது. கட்டாயம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2022 யூனில் கந்தக்காடு புனர்வாழ்வு நிலையத்தில் பார்த்தோம்: உள்ளே ஒருவர் இறந்தார், நூற்றுக்கணக்கானோர் வேலியை உடைத்துத் தப்பி ஓடினர், படையினர் நால்வர் கைது செய்யப்பட்டனர். அடித்துத் திருத்தலாம் என்ற எண்ணம் முகாம்களில் மட்டும் இல்லை; வீடுகளிலும் பங்குகளிலும் இருக்கிறது.

கடைசியாக, நேர்த்தி வைக்க வரும் அந்த மனைவியைப் பற்றி. பொறுத்துக்கொள், செபி, அந்தோனியார் பார்த்துக்கொள்வார் என்றுதான் அவரிடம் காலகாலமாகச் சொல்லப்படுகிறது. இதில் பாதிதான் சரி. மன்னிப்பது வேறு, வேலைத்தளத்துக்கு ரெலிபோன் எடுத்து கணவருக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்வதும், அவர் பட்ட கடனை நகையை விற்று அடைப்பதும், அடி வாங்கிக்கொண்டு மறைப்பதும் வேறு. பில் வில்சனின் மனைவி லோயிஸ், குடிநோயாளரின் குடும்பத்தாருக்கென்று 1951இல் அல்-அனோன் என்ற தனி அமைப்பைத் தொடங்கினார். கணவர் குடியை விட்ட பிறகும் தனக்குள் ஆறாத கோபம் இருந்ததை அவர் உணர்ந்ததுதான் அதற்குத் தொடக்கம். கணவர் திருந்தினாலும் திருந்தாவிட்டாலும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தனியாக ஆறுதலும் பாதுகாப்பும் வேண்டும்.

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் பங்கு மண்டபம் இல்லாத கோவில் அரிது. கலியாணத்துக்கும் கூட்டத்துக்கும் வாடகைக்குப் போகும் அந்த மண்டபத்தைக் கிழமையில் ஒரு பின்னேரம், ஏழு மணிக்கு, தேநீரும் பத்துக் கதிரையும் போட்டுத் திறந்து வைத்தால் போதும். பிரசங்கம் வேண்டாம். ஏற்கனவே குடியை விட்டவர் ஒருவர் வந்து இருந்தால் தொடங்கிவிடலாம். அந்தோனியாரிடம் நேர்ந்துவிட்டு வீட்டுக்கு நடக்கும் மனிதருக்கு, புதன்கிழமை போக ஓர் இடம் கிடைக்கும். பங்குத்தந்தையரும் போதகர்களும் இதை இந்த மாதமே செய்யலாம்.

உடனடியாக உதவி வேண்டுபவர்கள் அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையை 1927 என்ற இலக்கத்திலும், மனநல ஆலோசனைக்கு 1926 என்ற இலக்கத்திலும் அழைக்கலாம்.